நாத்தனார் பூனையின் நகங்கள்

என் நாத்தனாரின் பூனைக்கு நகங்களை எடுக்க வைத்தது நான். அறுத்தது டாக்டர்தான். ஆனால் காரில் கொண்டுபோனது நான், கையெழுத்துப் போட்டது நான், அதற்கு ஆசைப்பட்டதும் நான். கேட்டவர்களிடமெல்லாம், "பூனை ரொம்ப அக்ரெஸிவ், வேற வழியில்ல" என்றே சொல்லிவந்தேன். பூனை ஆட்களைத் தாக்கியது உண்மை. வேறு வழியில்லை என்பது பொய்.

நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கிறோம். கணவருக்கு எண்ணெய் கம்பெனியில் வேலை. எனக்கு ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. கணவரின் ஒரே தங்கை ரவுண்ட் ராக்கில், கார் ஓட்டினால் இரண்டே முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தாள். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவி. மணவிலக்கு ஆனபின் தனியாக இருந்தவள் அந்த வருஷமே ஒரு பூனைக்குட்டியை எடுத்து வளர்த்தாள். சாம்பல் நிறம், பெட்டை. நான் சொல்லப்போகும் காலத்தில் அதற்கு எட்டு வயது. அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை என்றால் அதுதான்.

எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். நான் அமெரிக்கா வந்த மூன்றாம் வருஷம், மகள் டேகேர் போக ஆரம்பித்ததும், நர்ஸிங் படிக்க விரும்பினேன். கல்லூரியில் விசாரித்து, விண்ணப்பம் வாங்கி, பாதி நிரப்பியும் வைத்திருந்தேன். பெருநாளைக்கு வந்திருந்த நாத்தனார் அதை மேசைமேல் பார்த்தாள். நான் அடுப்படியில் இறைச்சி வதக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் அண்ணனிடம் சொன்னது அப்படியே காதில் விழுந்தது.

"நர்ஸிங் எல்லாம் மைனியால முடியாது அண்ணா. இங்கிலீஷே தடுமாறுறாங்க. ஃபெயில் ஆயிட்டு உக்காந்து அழுவாங்க, பாவம். சின்னதா ஏதாவது கோர்ஸ் சேத்துவிடு."

அதில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கணவர் தங்கை சொல்லைத் தட்டாதவர். நான் நாலு மாதத்தில் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். விண்ணப்பத்தை நானே கிழித்துப் போட்டேன். பன்னிரண்டு வருஷம் அந்த வாக்கியத்தோடே வாழ்ந்தேன். பெருநாள்தோறும் அவளுக்குப் பிடித்த வட்டிலப்பம் செய்து வைப்பேன். அவள் சாப்பிடும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, உடன் இருந்து பார்த்துக்கொள்ள நாத்தனார் கிளம்பினாள். ஐந்து மாதம் அங்கிருந்தபடியே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதி கிடைத்துவிட்டது. பூனையை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். உணவு மூட்டை, அது மலஜலம் கழிக்கும் மண் தட்டு, ஒரு போர்வை, இரண்டு பக்கத்துக்குக் குறிப்புகள்.

"அது கொஞ்சம் கூச்சப்படும் மைனி. நீங்களா போய்த் தூக்காதீங்க. தானா வரும்."

அது தானாக வந்தது. மூன்றாம் நாள் காலை தட்டில் உணவைப் போடக் குனிந்தபோது முகத்தில் அறைந்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே மூன்று கோடுகள். கணவர் பஞ்சால் துடைத்துவிட்டு, "புது எடம்ல, பயந்திருக்கும்" என்றார். அடுத்த வாரம் கணுக்கால். அதற்கடுத்த வாரம் நான் மத்தியான லுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருந்தபோது முழங்கையைக் கிழித்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் பட்டுக் கைகள் எரிந்தன. நாளுக்கு ஐந்து வேளை அந்த எரிச்சல். ஐந்து வேளையும் எனக்கு நாத்தனாரின் நினைவு வந்தது.

மகளை அது ஒருமுறைதான் கீறியது. கணவரை இரண்டு முறை. ஆனால் தட்டு கழுவுவதும் உணவு போடுவதும் நான் என்பதால், கைக்கு எட்டியது நான்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை அது தேடிவந்து அடிப்பதாகத் தோன்றியது.

எங்கள் லேபில் நரம்பு கிடைக்காத கேஸ்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். கீமோ எடுத்து நரம்பு சுருங்கியவர்கள், ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர்கள், வயதானவர்கள். ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். எனக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் இருந்தது. ஒருநாள் காலை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, "யார் ஜெயித்தது?" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் வந்த பெண்மணி சிரிக்கவில்லை. வேறு ஆளைக் கேட்டாள். அந்த வாரமே வலது கைக் காயம் ஒன்று சீழ் வைத்துப் புறங்கை வீங்கியது. மேனேஜர் நல்ல பெண். "கை ஆறும்வரை முன்மேசையில் இருந்துகொள்ளுங்கள்" என்றாள். இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் எடுத்தான். ஒரு கிழவியின் கையில் அவன் நாலு இடத்தில் குத்துவதை நான் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அன்று மாலை நாத்தனாரை வாட்ஸாப்பில் அழைத்தேன். அங்கே விடிகாலை. மாமியாருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கேமராவில் கையைக் காட்டினேன்.

"ஐயோ மைனி! எங்கிட்ட அது ஒரு நாளும் இப்படிச் செஞ்சதில்லயே." பிறகு சிரித்தாள். "உங்களைக் கண்டா பிடிக்கல போல. அதுக்கு ஆள் தெரியும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். கணவரும் பக்கத்திலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் வீட்டருகே இருக்கும் விலங்கு மருத்துவரிடம் போனேன். இளம்பெண். பூனையைத் துண்டில் சுற்றிப் பொறுமையாகப் பார்த்தாள். நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடச் சொன்னேன். அவள் தன் கையை நீட்டி, ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பை மறுகையால் தொட்டுக் காட்டினாள்.

"நகத்தை மட்டும் எடுக்க முடியாது. எலும்போடு சேர்ந்து வளர்வது அது. இதுவரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். முன்கால்களில் பத்து விரல். நான் அதைச் செய்வதில்லை."

அவள் வேறு வழிகளைச் சொன்னாள். வாரம் ஒருமுறை நகநுனியைத் திருத்தலாம். நகத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறைகள் இருக்கின்றன. அதற்கென்று ஓர் அறை ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனையும் பல் எக்ஸ்ரேவும் எடுக்க வேண்டும் என்றாள். எட்டு வயதில் திடீரென்று கோபம் வந்தால் எங்காவது வலி இருக்கலாமாம்.

"சாப்பிடும்போது ஏதாவது வித்தியாசம் பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். சில நாளாகவே ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்றது. வாயிலிருந்து உணவு சிந்தியது. ஒருமுறை மெல்லும்போதே சீறிவிட்டுத் தட்டை விட்டு ஓடியது. வலியுள்ள உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்த வேலை என்னுடையது. வலியில் இருக்கும் நோயாளி ஊசி குத்துகிற கையைத் தட்டிவிடுவான். அவனை நாங்கள் கோபக்காரன் என்று எழுதுவதில்லை.

"இல்லை" என்றேன்.

சொல்லியிருந்தால் பேச்சு பூனையின் வாய்க்குப் போயிருக்கும். எனக்குக் கால்கள்தான் வேண்டியிருந்தன. பரிசோதனை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். போனில் ஏதோ படம் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"திஸ் இஸ் நாட் எ மேனிக்யூர், மா. தே கட் ஆஃப் தி டோஸ்."

"என் கையைப் பாரு முதல்ல. உன் குப்பிக்குப் போன் போட்டுச் சொல்லு, வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

குப்பி, அதாவது அத்தை என்றால் அவளுக்கு உயிர். உடனே சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். ஆனால் அவள் சொல்லவில்லை. அம்மா கோபத்தில் பேசுகிறாள், செய்யமாட்டாள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். கணவர் வழக்கம்போல, "தங்கச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

நாற்பது நிமிஷம் ஃப்ரீவேயில் போனால் வடக்கே ஒரு சின்ன கிளினிக். போனில் கேட்டபோதே செய்வோம் என்றார்கள். இரண்டு கேள்விதான் கேட்டார்கள். வீட்டுக்குள் வளரும் பூனையா? ஆமாம். ஏன் எடுக்க வேண்டும்? ஆட்களைத் தாக்குகிறது. படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். வலது கையில் இன்னும் கட்டு இருந்ததால் எழுத்து கோணலாக வந்தது. கூண்டைக் கொடுத்தபோது பூனை கத்தவில்லை. கம்பி வழியே என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். 'ஆள் தெரியுமா உனக்கு?' என்று மனத்துக்குள் கேட்டேன்.

அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி. வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஆட்டுக்கறி பிரியாணி வாங்கி, காரிலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். ரொம்ப நாளாக அப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. சந்தோஷமாக இருந்தேன். அவள் ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது சொல்ல வேண்டியதை காரை ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். "உன் பூனையால இனி கீற முடியாது. ஃபெயில் ஆயிட்டு உக்காந்து அழும், பாவம்."

மறுநாள் கூட்டிவந்தேன். இரண்டு முன்கால்களிலும் நீலக் கட்டு. கூண்டைத் திறந்ததும் ஒரு காலை வெளியே வைத்தது. எடுத்தது. மறுகாலை வைத்தது, அதையும் எடுத்தது. பிறகு பின்கால்களில் உட்கார்ந்து, முன்கால்கள் இரண்டையும் தரையில் படாமல் தூக்கியபடியே இருந்தது. மகள் பள்ளி விட்டு வந்து பார்த்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. அழவும் இல்லை. பூனையைப் போர்வையோடு எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. கணவர் பேசினார்.

"கேட்டுட்டியா அவகிட்ட?"

"இல்ல."

"என்ன காரியம் பண்ணிட்டே..." என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அவருக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியாது.

கட்டு பிரித்த பிறகும் பூனை சுடுமணலில் நடப்பதுபோலவே நடந்தது. மண் தட்டில் கால் வைக்க முடியவில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டோம், அதிலும் ஏறவில்லை. மெத்தென்று இருக்கும் இடமாகத் தேடியது. என் தொழுகை விரிப்பில் மூத்திரம் பெய்தது. துவைத்து வைத்த என் லேப் உடைகளின் மேல் பெய்தது. சிறுவயதில் மதரசாவில், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டவள் நரகம் போன கதையைச் சொல்வார்கள். நான் பட்டினி போடவில்லையே, வேளாவேளைக்கு உணவு வைக்கிறேனே என்று எனக்கு நானே வாதாடியபடி விரிப்பைக் கசக்கினேன்.

மூன்றாம் வாரம் மீந்த உணவை எடுக்கத் தட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அது முன்காலை ஓங்கியது. பாதம் என் மணிக்கட்டில் பஞ்சு போலப் பட்டது. அது ஒரு கணம் தன் காலையே பார்த்ததுபோல் இருந்தது. அடுத்த கணம் கடித்தது. கட்டைவிரலுக்குக் கீழே பல் எலும்புவரை இறங்கியது. கீறலெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் கை முழங்கைவரை சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். எனக்கு ஊசி குத்திய நர்ஸ் என் வயதுப் பெண். பூனை கடித்ததா என்று கேட்டுவிட்டு, நகமெடுத்த பூனைகள் சில இப்படித்தான் கடிக்க ஆரம்பித்துவிடுகின்றன, தன் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பாவும் மகளுமாகப் பூனையை அந்த இளம் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். இம்முறை மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உணவு சிந்துவது, தலையைச் சாய்ப்பது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எக்ஸ்ரேயில் கீழ்க்கடைவாயில் இரண்டு பற்கள் ஈறுக்குள்ளே அரித்து, நரம்பு வெளியே தெரியும் நிலையில் இருந்தன. பிடுங்கி எடுத்தார்கள். பத்து நாளில் அது வேறு பூனை. சீறல் இல்லை. சோபாவில் கணவரின் தொடையை ஒட்டிப் படுத்தது. நான் பக்கத்தில் போனால் எழுந்து போகும், அவ்வளவுதான். பல்வலியோடு இருந்த ஒன்றின் விரல்களை நான் வெட்டியிருக்கிறேன். அதுவும் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு. ரத்தம் எடுப்பதே தொழிலான நான்.

மகள் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள். "யூ நியூ, மா" என்றாள். தெரியும் அல்லவா உனக்கு என்று. நான் இல்லை என்று சொல்லவில்லை.

நாத்தனார் ஐந்தாம் மாதக் கடைசியில் வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீடு. வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கணவர் என்னிடம், "நீ பண்ணினது, நீயே சொல்லு" என்றிருந்தார். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பூனை ஓடிவந்து மடியில் ஏறியது. கொஞ்சிக்கொண்டே, நகம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, பழக்கத்தில் முன்காலை எடுத்து விரலை அழுத்தினாள். அழுத்தினால் நகம் வெளியே வர வேண்டும். வரவில்லை. அடுத்த விரலை அழுத்தினாள். பிறகு அடுத்தது. மறுகாலையும் எடுத்து ஐந்து விரலையும் அழுத்திப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"அண்ணன்ட்ட கேட்டீங்களா?"

"இல்ல. யார்ட்டயும் கேக்கல. ஓனர்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அது அப்படியே வரவில்லை. "நர்ஸிங் என்னால முடியாதுன்னு சொன்னேல்ல" என்றேன். "அன்னிக்கு, பெருநாளைக்கு. இங்கிலீஷ் வராது, ஃபெயில் ஆயிட்டு அழுவேன்னு. நான் அடுப்படில நின்னு கேட்டேன். என் கையைக் கட்டிப்போட்டது நீ."

அவள் என்னைப் பார்த்தாள். நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினாள், முகத்தில் தெரிந்தது.

"நான் அப்படிச் சொன்னேனா? எப்ப?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. பன்னிரண்டு வருஷம் நான் சுமந்ததை அவள் சொன்ன அன்றே மறந்திருக்கிறாள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால், ஆமாம் சொன்னேன், இப்போதும் சொல்வேன் என்றிருந்தால் எனக்கு ஏதோ கிடைத்திருக்கும்.

"சொல்லியிருந்தா தப்புதான் மைனி" என்றாள். "அதுக்கு என்னைக் கீறியிருக்கலாம்ல. இது என்ன செஞ்சிச்சு?"

போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாப்பிடவில்லை. வட்டிலப்பம் ஃப்ரிட்ஜில் இருந்தது. அதைக் கணவர் டப்பாவில் போட்டுக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள் என்பதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் என்னைப் பழி வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன். சொந்தக்காரர்களிடம் சொல்வாள், ஊரில் மாமியாரிடம் சொல்வாள். எதுவும் செய்யவில்லை. பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பினாள், வரவில்லை. அடுத்த ஆண்டு மகளுக்கு ரவுண்ட் ராக்கை ஒட்டிய ஆஸ்டினில் கல்லூரி கிடைத்தது. விடுதி வேண்டாம், குப்பி வீட்டிலிருந்து போகிறேன் என்றாள். வார இறுதிகளில் வருவாள் என்று நினைத்தோம். மாதம் ஒருமுறை வருகிறாள்.

போன மாதம் பள்ளிவாசலில் ஒரு இளம்பெண் என்னைத் தேடிவந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம். கைக்குழந்தை இருக்கிறது, பூனை குழந்தையின் கன்னத்தைக் கீறிவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க பூனைக்கு நகம் எடுத்து டீகிளா பண்ணினீங்கன்னு சொன்னாங்க. அந்த கிளினிக் அட்ரஸ் கிடைக்குமா? எனக்கு வேற வழி தெரியல."

அவள் என் வாக்கியத்தையே சொன்னாள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தேன். மெல்லிய கோடு, ஆறிக்கொண்டிருந்தது. அவளுடைய பயம் நியாயமானதுதான். எனக்கு அந்தப் பயம்கூட இருந்ததில்லை.

"அட்ரஸ் தரமாட்டேன்மா" என்றேன். அந்த இளம் டாக்டரின் நம்பரைக் கொடுத்தேன். "முதல்ல வாயைப் பாக்கச் சொல்லு. வலி இருக்கான்னு பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் குழந்தை ரூம் கதவைச் சாத்தி வை. எவ்வளவு கீறினாலும் விரலை வெட்டாதே. நான் வெட்டினேன், அது திரும்பக் கடிச்சுது. கடிச்சது சரிதான்."

அவள் என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மகளைப் பார்க்க ரவுண்ட் ராக்குக்கு நாங்கள் போகும்போது நாத்தனார் மரியாதையாகவே நடத்துகிறாள். டீ போட்டுத் தருகிறாள். லேப் வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிறாள். எங்கள் கார் சத்தம் கேட்டதும் பூனையைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. மறந்துபோனவளை மன்னிப்பது எப்படி என்று தெரியவில்லை. டீயைக் குடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பூனை வெளியே வரக் கதவைத் தட்டும். மற்றப் பூனைகளைப் போல மரத்தைப் பிறாண்டும் சத்தம் வராது. ஈரத்துணியைத் தட்டுவதுபோல் மெத்து மெத்தென்று ஒரு சத்தம். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு மகள் எழுந்து உள்ளே போவாள்.